ராஃபத் துடைத்த வரிகள்

துறைமுக நகரத்தின் முஹர்ரம் பே என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரியும். கடல் தெரியாது. ஆனால் குளிர்காலப் புயல் கிளம்பினால் உப்பு வாடை முதலில் அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும். ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை. பாதி எனக்கு, பாதி என் கணவர் ராஃபத்துக்கு. என் பாதியில் நான் பருப்பில் கல் பொறுக்குவேன். அவர் பாதியில் கணினி இருக்கும். துறைமுகத்திலிருந்து வந்து, அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தாரென்றால் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கும்வரை அசைய மாட்டார்.

"அப்படி என்னதான் பண்றீங்க?" என்று முதல்முறை கேட்டபோது, "நீ பண்றதத்தான். கல்லு பொறுக்கறேன்," என்றார்.

நான் ஆரம்பப் பள்ளியோடு நின்றவள். எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: கணினிக்கு ஒரு பாஷை, அதில் செருகுகிற பொருளுக்கு வேறு பாஷை. இரண்டுக்கும் நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிக்கு டிரைவர் என்று பெயர். அதை மனிதர்கள்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதியதைக் கணினி புரிந்துகொள்ளும்படி மாற்றித் தருவது கம்பைலர் என்ற ஒன்று. மாற்றும்போதே அது முணுமுணுக்கும். இங்கே ஒரு பெயர் வைத்தாய், அப்புறம் அதைக் கூப்பிடவே இல்லையே என்று கேட்கும். பெரிய பாத்திரத்தில் இருப்பதைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றுகிறாயே, சிந்தாதா என்று கேட்கும். வேலையை நிறுத்தாது, சொல்லிவிட்டுப் போய்விடும். அதற்குத்தான் வார்னிங் என்று பெயர். மாமியார் முணுமுணுப்பைப் போல அதைக் காதில் வாங்காமல் போகிறவர்கள்தான் அதிகம். ராஃபத் வாங்கிக்கொள்வார்.

துறைமுகத்தில் சரக்கு எடை போடும் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் உத்தியோகம். தராசுகளைக் கணினியோடு சேர்த்த காலத்தில், எடை தப்பாக வந்த ஒரு தராசுக்காக முதல்முதலில் ஒரு டிரைவரைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே இருந்த அலங்கோலத்தைப் பார்த்து மனசு பொறுக்கவில்லை. அன்று பிடித்த வேலை. உலகம் முழுக்கப் பலர் கூடி எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் ஒரு இயங்குதளம் உண்டு. அதில் இருக்கும் டிரைவர்களில் மற்றவர்கள் எழுதிவிட்டுப் போன வரிகளை இவர் துடைத்து வைப்பார். புதிதாக எதையும் எழுதியதில்லை. யாரோ அவசரத்தில் 'அ1', 'அ2' என்று வைத்துவிட்டுப் போன பெயர்களுக்கு ஒழுங்கான பெயர் வைப்பார். வளைந்து வளைந்து போகும் நீளமான வரியை இரண்டாக்குவார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். "படிக்கறவனுக்கு மூச்சு முட்டக் கூடாது, இனாயத்," என்பார்.

அந்தக் கூட்டத்தாரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு மெயிலில் ஒரு திருத்தம்தான் அனுப்பலாம். அதன் அடியில் செய்தவர் பெயர், பார்த்துச் சரி சொன்னவர் பெயர், நிஜமான சாதனத்தில் சோதித்தவர் பெயர் எல்லாம் இருக்கும். ஒரு திருத்தத்தால் பின்னால் பழுது வந்தால், அதைச் சரிசெய்யும் திருத்தத்தின் அடியில், பழுது எதனால் வந்தது என்று பழைய திருத்தத்தைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். யாரும் அதை அழிக்க முடியாது. நம் தோள்களில் உட்கார்ந்து நம் நன்மை தீமையை எழுதுகிற வானவர்கள், மலக்குகள் மாதிரி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கட்டடத்தின் கீழே மித்ஹத் இஸ்திரிக்கடை வைத்திருந்தார். ராஃபத்தின் பால்ய சிநேகிதர். துணி வாங்கப் போகும்போதெல்லாம் இவரை 'பாஷா' என்று கூப்பிட்டு வம்புக்கு இழுப்பார்.

"ஏன்டா பாஷா, ஊரான் சட்டைக்கு இஸ்திரி போட்டா நான் காசு வாங்கறேன். நீ மட்டும் ஏன் சும்மா போடற?"

"நீ போடறது நாளைக்கே கசங்கிரும்," என்பார் ராஃபத்.

"உன்னுது கசங்காதா?"

"கசங்கும். அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்."

எங்களுக்குக் கீழ்த்தளத்தில் தஹானி இருந்தாள். சின்ன வயதில் காய்ச்சலில் பார்வை போனவள். தாய் மௌத்தான பிறகு தனியாகவே இருந்தாள். ஒரு பத்திரிகை ஆபீசிலிருந்து பேட்டிகளின் ஒலிப்பதிவு அவளுக்கு வரும். கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவாள். அவள் விரல் வேகத்துக்கு எங்கள் கூரைமேல் மழைகூட ஈடு கிடையாது. எழுதியதைச் சரிபார்க்க அவளிடம் ஒரு புள்ளிப்பலகை இருந்தது. கணினித் திரையில் வரும் எழுத்து, அந்தப் பலகையில் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பும். அதை விரலால் தடவிப் படிப்பாள். பலகையைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. இன்னொன்று வாங்குவதென்றால் அவளால் நினைத்தும் பார்க்க முடியாது.

அவள் கணினியிலும் அதே இலவச இயங்குதளம்தான்; அந்தப் பலகைக்கும் அதில் ஒரு டிரைவர் இருந்தது. ஆனால் அது வீட்டுக்குள் சேர்க்கப்படாத டிரைவர். ஒழுங்காக எழுதப்பட்டவை உள்ளே இருக்கும். அலங்கோலமானவற்றை ஒரு வாசல்நடையில் நிறுத்தி வைத்திருப்பார்கள். யாராவது சுத்தம் செய்தால் உள்ளே போகும், இல்லையென்றால் ஒருநாள் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

ஒரு நவம்பர் குளிரில், துடைப்பம் என்று அர்த்தமுள்ள மக்னஸா புயல் பெயருக்கேற்றபடி தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த நாள். ராஃபத் ஒரு மெயிலைப் படித்துவிட்டு டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வாசல்நடைக்குப் பொறுப்பானவர் ஓலவி என்ற பனிதேசத்து ஆள். அவர் எழுதியிருந்தார்: இந்தப் புள்ளிப்பலகை டிரைவரை யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. பயன்படுத்துகிறவர் இருந்தால் சுத்தம் செய்து, சோதித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடுவேன்.

"எடுத்துட்டா என்ன? தஹானி பழசையே வச்சுக்கிட்டா ஆகாதா?" என்றேன்.

"அவ ஆபீஸ் சும்மா விடாது. வருஷா வருஷம் புதுசுக்கு மாறச் சொல்லுவான். மாறினா பலகை செத்துப்போகும். பலகை செத்தா அவளுக்கு வேலை போச்சு."

"அப்ப நீங்க பாருங்க."

"அதுல வார்னிங் மட்டும் ஒரு மூட்டை இருக்கு, இனாயத்."

"உங்களுக்கு அது பிடிச்ச தீனிதானே?"

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதிலேயே கிடந்தார். இன்று நினைத்தால், எங்கள் வாழ்க்கையில் நல்ல காலம் அதுதான் என்று தோன்றுகிறது. எங்கள் மகன் ஹிஷாம் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான், வீடு அமைதியாகக் கிடக்கும். இவர் திட்டிக்கொண்டே துடைப்பார். "இவனுக்கு இந்தப் பேரு வைக்க எப்படி மனசு வந்துச்சு," என்று யாரென்றே தெரியாத ஒருவனோடு சண்டை போடுவார். ஒவ்வொரு முணுமுணுப்பும் அடங்க அடங்க முகத்தில் ஒரு தெளிச்சி வரும். கடைசி வார்னிங்கும் போன அன்று கம்பைலர் ஒன்றுமே சொல்லாமல் வேலையை முடித்தது. "கேளு," என்றார் என்னிடம். கேட்க ஒன்றும் இல்லை. அதைத்தான் கேட்கச் சொன்னார்.

அவரிடம் பலகை கிடையாது, தஹானியிடம்தான் சோதிக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண் வீட்டுக்கு அவர் ஒருபோதும் தனியாகப் போக மாட்டார். நானும் போவேன், வாசற்கதவு திறந்தே கிடக்கும், இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். அதனால் அந்தச் சோதனையும் ஒரு குவளை செம்பருத்தி டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் முடிந்தது. தஹானி ஒரு பக்கம் தட்டினாள், புள்ளிகள் எழுந்தன, தடவிப் படித்தாள்.

"உங்க கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது, பாஷ்முஹந்திஸ்," என்றாள். எஞ்சினீயருக்குப் படித்தவரில்லை என்றாலும் கட்டடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஸித் தஹானி. ரெண்டு மூணு நாள் வேலை செஞ்சு பாருங்க. உங்க பேரைச் சாட்சியா போடணும்," என்றார் இவர். பெண்களை 'ஸித்' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

நான்கைந்து நாள் கழித்து மாடிப்படியில் பார்த்துக் கேட்டார். "பட்டு மாதிரி ஓடுது," என்றாள். இவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் திருத்தங்களை அனுப்பினார். அடியில் 'சோதித்தவர்: தஹானி' என்று இருந்தது. ஓலவி ஏற்றுக்கொண்டார். வாசல்நடையிலிருந்து தூக்கும் பேச்சு நின்றது. அடுத்த பதிப்பில் உள்ளே சேர்க்கலாமா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

சில வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டி வேகவைத்த மஹ்ஷி ஒரு தட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே தஹானி தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள், பலகையைத் தடவினாள், பெருமூச்சு விட்டாள், கணினியை அணைத்தாள். மறுபடி போட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

திடுக்கிட்டாள். ஹிஷாமின் தாய் என்று என்னை உம்மு ஹிஷாம் என்றுதான் கூப்பிடுவாள். "உம்மு ஹிஷாமா? ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஓய்வு குடுத்தேன்."

"யாருக்கு, உனக்கா, அதுக்கா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மஹ்ஷியின் வாசனைகூட அவளை அசைக்கவில்லை. அப்புறம் சொன்னாள். "வேகமாத் தட்டினா புள்ளி எல்லாம் அப்படியே நின்னுடுது. எழும்பினது எழும்பினபடி. அணைச்சுப் போட்டாத்தான் சரியாகுது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவ."

"எப்பருந்து?"

"சுத்தம் பண்ணதுலருந்து."

"அவர் கேட்டப்ப பட்டு மாதிரி ஓடுதுன்னியே."

"குளிர் பூரா எனக்காக உக்காந்திருக்கார். சம்பளமா கூலியா? அந்த மனுஷன் முகத்துல அடிக்கற மாதிரி எப்படிச் சொல்றது? ஒருத்தர் வீட்டுக்கு வந்து சமைச்சுப் போட்டா உப்பு கூடிப்போச்சுன்னா சொல்லுவோம்? அவர்கிட்ட சொல்லிடாத உம்மு ஹிஷாம். அப்பறம் இதத் தூக்கிட்டாங்கன்னா? நின்னு நின்னு ஓடறதாவது ஓடட்டும்."

எங்கள் ஊரில் அப்படித்தான். இலவசமாகச் செய்தவர் வேலையில் குறை சொல்வது சாப்பிட்ட வீட்டில் தட்டைத் தள்ளுவது மாதிரி. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனசில் உறுத்தியது.

"தஹானி, உன் பேரு சாட்சின்னு எழுதியிருக்கு. மஹ்ஷி நல்லாருக்குன்னு சொல்றது மரியாதை. அது வேற. சாட்சி வேற. வெளியூர்ல எங்கயோ உன்ன மாதிரி ஒருத்தி அத நம்பிப் போட்டிருந்தா?"

அவள் விரல்கள் பலகையின்மேல் அப்படியே இருந்தன. "அத நான் நெனைக்கல," என்றாள்.

நான் ராஃபத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. அஸருக்குப் பிறகு அவளே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இவர் முகம் சுண்டிப்போனது. ஒரு வார்த்தைகூடக் கடுமையாகச் சொல்லவில்லை. "உக்காருங்க, ஸித் தஹானி. மெதுவாத் தட்டினா நிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"மெதுவாத் தட்டினா நிக்கறதில்ல."

அவள் போனபிறகு பழைய டிரைவரையும் தான் துடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் அதே பார்வை. மூன்றாம் நாள் சாயங்காலம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "லா ஹவ்ல வலா குவ்வத்த, ஆண்டவன விட்டா நமக்கு ஏது சக்தி," என்றார். எனக்கும் விளக்கினார்.

பலகைக்குள் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அவசரத்தில் எழுத்து சிந்திவிட்டால் பலகை அந்தப் பெட்டியில் ஒரு குறி போட்டுவிட்டு, 'பார்த்தாயா?' என்று காத்திருக்கும். கணினி ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும், குறி அழிந்துவிடும், வேலை தொடரும். பழைய ஆள் ஒரு வரி எழுதியிருந்தான்: பெட்டியைப் பார், பார்த்ததை ஒரு பெயரில் வை. அந்தப் பெயரை அப்புறம் எங்கேயும் பயன்படுத்தவில்லை. ஏன் பார்க்கிறான் என்று பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. கம்பைலர் முணுமுணுத்தது: இதை வாங்கி வைத்தாய், பயன்படுத்தவே இல்லையே. இவர் வீண் என்று நினைத்து அந்த வரியையே எடுத்துவிட்டார்.

"நோயாளியப் பாக்கப் போறோம்ல, இனாயத். நாம என்ன மருந்தா குடுக்கறோம்? பாத்துட்டு வர்றதுதானே காரியம். அந்த மாதிரி வரி அது. நான் வெட்டிப் பயணம்னு நெனச்சு நிறுத்திட்டேன்."

"திரும்ப வச்சுட்டாப் போச்சு."

"வைக்கறது ஒரு நிமிஷம். ஆனா பழுது என் திருத்தத்தால வந்துச்சுன்னு எழுதணும். ஓலவி போன மாசம்தான் வேற ஒருத்தனுக்கு எழுதினான். சாதனம் கையில இல்லாதவங்க சுத்தம் பண்ணா இப்படித்தான் கெடும், இனிமே அந்த மாதிரி டிரைவரை நான் வச்சுக்க மாட்டேன்னு. இப்ப நான் இதச் சொன்னா, அவன் இதையும் தூக்குவான்."

இஸ்திரிக்கடையில் விஷயத்தைக் கேட்ட மித்ஹத் சிரித்தார். "இதுக்கா மண்டைய உடைக்கற? இன்னொரு சுத்தம்னு பேரு போட்டு அந்த வரியச் சத்தமில்லாம உள்ள வை. எவன் பாக்கப் போறான்? சட்டையில பொசுங்கினா நான் அந்த இடத்த உள்ள மறைச்சு மடிச்சு இல்ல குடுக்கறேன்?"

"என் ஊதாச் சட்டையும் அப்படித்தான் மடிச்சியா?"

"அது தெரிஞ்சு போச்சா? சரி, நீ உண்மையே எழுது," என்றார் மித்ஹத்.

ராஃபத் சிரிக்கவில்லை. மஃரிபுக்குப் பிறகு முஸல்லா விரிப்பிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் துஆ கேட்டேன். என்ன கேட்டேன் என்றால், டிரைவர் பிழைக்க வேண்டும் என்றுகூட இல்லை; இவர் நெஞ்சு கோணாமல் இருக்க வேண்டும், அந்தப் பெண்ணின் பிழைப்பும் போகாமல் இருக்க வேண்டும் என்று. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. படைத்தவனுக்குத் தெரியும்.

இந்தமுறை டீ குடிக்கும் நேரத்துச் சோதனை இல்லை. வரியைத் திரும்ப வைத்து, பக்கத்தில் 'பார்ப்பதற்காகவே பார்க்கிறோம். பார்த்தால்தான் பலகை தொடரும்' என்று காரணமும் எழுதினார். அதைத் தஹானியின் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு இவர் துறைமுகத்துக்குப் போய்விட்டார். காலையிலிருந்து அஸர் வரை நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"வேணும்னே வேகமாத் தட்டு," என்றேன்.

"வேணும்னே தட்டத் தேவையில்ல. இந்தப் பேட்டியில மந்திரி பேசற வேகத்துக்கே தட்டியாகணும்," என்றாள்.

புள்ளிகள் ஒருமுறைகூட நிற்கவில்லை. இருந்தும் கேட்டேன். "பட்டு மாதிரியா?"

"இல்ல, உம்மு ஹிஷாம். பருத்தி மாதிரி. ஆனா கிழியல."

அன்றே இவர் எழுதினார். பழுது எப்படி வந்தது, எந்தத் திருத்தத்தில் வந்தது, அதைச் செய்தவன் நானே. முதல் சோதனையை நான் அவசரமாக முடித்தேன். கண்டுபிடித்துச் சொன்னவர், இப்போது சோதித்தவர் இரண்டுமே தஹானி. எழுதிவிட்டு, அனுப்பும் பொத்தானை அமுக்குமுன் முதலிலிருந்து மறுபடி வாய்விட்டுப் படித்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவினேன்.

பதில் வர நாளாகியது. அந்த நாட்களில் தஹானி மாடியேறி வந்து ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பதில் வந்த அன்று இவர் எங்களிருவருக்கும் அரபியில் சொல்லிச் சொல்லிப் படித்தார். ஓலவி முதலில் நன்றாகக் காய்ச்சியிருந்தார். காரணம் தெரியாத வரியைத் தொடாதே என்று தொடக்கப் பாடத்திலேயே இருக்கிறது, இத்தனை வருடம் என்ன கற்றீர்கள் என்று. ராஃபத் அதையும் விடாமல் படித்தார். தஹானி முக்காட்டு நுனியைப் பிசைந்துகொண்டிருந்தாள். அடுத்தது: "வேலை செய்கிறது என்று எழுதித்தர எத்தனையோ பேர் வருகிறார்கள். அதை நம்பி நான் எதையும் வைத்துக்கொள்வதில்லை. வேலை செய்யவில்லை என்று ஒருவர் திரும்பி வந்து சொல்கிறார் என்றால், நாள் முழுக்க அதை நிஜமாகவே பயன்படுத்துகிறார் என்று அர்த்தம். அப்படி ஒருவர் இருக்கும்வரை இந்த டிரைவர் இருக்கும். அடுத்த பதிப்பில் உள்ளே சேர்க்கிறேன். அந்த அம்மாவுக்கு என் வணக்கம். இன்னும் ஏதாவது குறை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள்."

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் அழுதுவிட்டேன். ராஃபத் மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

தஹானி தொண்டையைச் செருமினாள். "குறை இருந்தாச் சொல்லலாம்னா எழுதியிருக்கார்?"

"ஆமா, ஸித் தஹானி."

"அப்பச் சொல்றேன். இடது கோடியில மூணாவது புள்ளி சோம்பேறி, லேட்டாத்தான் எழும்புது. ஹம்ஸா எழுத்து வந்தாப் பக்கத்து எழுத்தையும் சேத்து இழுக்குது. அப்பறம் காலையில முதல் தடவ போடும்போது ஒரு கிறீச்சு. அது முன்னாடியும் இருந்துச்சு, பத்து வருஷமா மரியாதைக்குச் சொல்லாம இருந்தேன்."

ராஃபத் என்னைப் பார்த்தார். "இந்தம்மாவ நீதான் வாயத் திறக்க வச்ச."

"இன்னும் ரெண்டு இருக்கு, பாஷ்முஹந்திஸ். எழுதிக்கிறீங்களா, இல்ல டீ குடிச்சுட்டு ஆரம்பிக்கலாமா?"

"குடிச்சுட்டே சொல்லுங்க," என்று அவர் கணினியைத் தன் பக்கம் இழுத்தார்.